வெளியூர் ஆட்டம் பார்க்கப் போனால் அடி விழுமா?

கே.வி.குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "நானும் நண்பர்கள் ஐந்து பேரும் சென்னையின் எஃப்சி ரசிகர்கள். கேரளா பிளாஸ்டர்ஸ் அணியோடு நடக்கும் ஆட்டத்தை ஒருமுறையாவது கொச்சிக்கே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. நீலச் சட்டையோடு அங்கே போனால் அடிவாங்கிக்கொண்டுதான் திரும்புவீர்கள் என்று அப்பா தடுக்கிறார். ஐரோப்பாவில் ரசிகர்கள் நாற்காலியைப் பிடுங்கி வீசும் காணொளி ஒன்றையும் காட்டினார். கால்பந்து ரவுடித்தனம் பழைய கதையா, இன்றும் உண்டா? வெளியூர் ரசிகர்களுக்கு எவ்வளவு ஆபத்து?"

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போய் வாருங்கள். அதற்காக அப்பாவை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் காட்டியது நடந்த விஷயம்தான். சில நாடுகளில் இன்றும் நடக்கிற விஷயம்தான். நான் முப்பது ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்தவன். அதில் பாதிக் காலம் வாயில் விசிலோடு வட ஆற்காட்டுப் பள்ளி மைதானங்களில் ஓடியிருக்கிறேன். பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் எனக்குப் பிடிபடுவது ஒன்றுதான்: வெளியூர் ரசிகனுக்கு அடி விழுவது பெரும்பாலும் வழியில், உயிர் போவது பெரும்பாலும் கேட்டில். இதை நான் எந்தப் புத்தகத்திலும் கற்பதற்கு முன்னால் ஒரு தோல் லாரியில் போய்க் கற்றுக்கொண்டேன்.

1986. மெக்சிகோ உலகக் கோப்பையில் மரடோனா ஆடியதைத் தூர்தர்ஷனில் பார்த்த சூடு இன்னும் தணியாத நேரம். அப்போது ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை எல்லாம் சேர்ந்து ஒரே வட ஆற்காடு மாவட்டம். பாலாற்றங்கரையில் தோல் தொழில் செய்யும் ஊர் ஒன்றில் சுழற்கோப்பைப் போட்டி. ஊர்ப் பெயர் வேண்டாம்; அங்கே எனக்கு இன்று சம்பந்தி உறவு இருக்கிறது. எங்கள் தெருப் பையன்கள் அணி இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டது. உப்புத் தோல் இறக்கிவிட்டு வெறுமனே நின்ற லாரி ஒன்றைப் பேசி, வைக்கோல் பரப்பி, நாற்பது பேர் ஏறினோம். இரண்டு தப்பட்டை, ஒரு தகர டின், ஒரு கொடி. அந்த ஊர் எல்லையைத் தொட்டதும் எங்கள் பையன்கள் அடித்த அடியும் கத்திய கத்தலும் எனக்கே கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது. டீக்கடையில் உட்கார்ந்திருந்த கிழவர்களைப் பார்த்தெல்லாம் கையை ஆட்டிக் கேலி பேசினார்கள். சொந்தத் தெருவில் அந்தப் பையன்கள் வாயே திறக்க மாட்டார்கள்.

மைதானத்தைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டியிருந்தார்கள். டிக்கெட் ஒரு ரூபாய். சவுக்குக் கம்பு கட்டிய கேலரி. உள்ளே போக ஒரே வழி. பள்ளியின் இரும்புக் கேட். ஆட்டம் தொடங்கியதும், டிக்கெட் இல்லாதவர்கள் புகுந்துவிடக் கூடாது என்று போட்டி நடத்தியவர்கள் அதைச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். ஆட்டம் முடியச் சில நிமிடங்கள் இருக்கும்போது எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது. நியாயமான பெனால்டிதான், பிற்காலத்தில் நடுவராக இருந்தவன் என்ற முறையிலும் சொல்கிறேன். கோல் விழுந்தது. அடுத்து ஒரு கல் விழுந்தது. அது யாருடைய கல் என்பது இன்றுவரை இரண்டு ஊரிலும் இரண்டு விதமாகச் சொல்லப்படுகிறது.

நாற்பது பேரும் கேட்டை நோக்கி ஓடினோம். எங்களோடு கல்லுக்குப் பயந்த உள்ளூர்க் குழந்தைகளும் பெண்களும் ஓடிவந்தார்கள். கேட்டுக்கு அந்தப் பக்கம், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வந்த கூட்டம். அந்தக் கேட் உள்பக்கமாகத் திறப்பது. சாவி வைத்திருந்தவர் எங்கே என்று தெரியவில்லை. அவர் வந்திருந்தாலும் திறந்திருக்க முடியாது. முன்னால் இருப்பவன் இரும்பில் அழுந்த, பின்னால் வருபவனுக்கு அது தெரியாமல் தள்ள, எனக்கு மூச்சு பாதியில் நின்ற ஞாபகம் இருக்கிறது. நெஞ்சு விரியவே இடமில்லை. காலுக்குக் கீழே ஏதோ மெத்தென்று மிதிபட்டது. ஒரு பையனின் கை.

எங்களைக் காப்பாற்றியவர் அந்த ஊரைச் சேர்ந்த ஓர் இளநீர்க்காரர். அரிவாளை எடுத்துத் தட்டியின் கயிற்றை இரண்டு இடத்தில் வெட்டிக் கீற்றைக் காலால் உதைத்துச் சாய்த்தார். கூட்டம் அந்தப் பக்கம் கரைந்தது. அரிவாளோடு ஓடிவருகிறவரைப் பார்த்து எங்களில் பாதிப் பேர், வெட்டத்தான் வருகிறார் என்று நினைத்துவிட்டார்கள். பையனுக்குக் கை எலும்பு முறிந்தது, மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. கல் பட்டுக் காயமானவர்கள் இரண்டே பேர். நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, அரசனில்லாத கோட்டை என்று வேலூரைக் கேலி செய்வார்கள் அல்லவா? அன்று நாங்கள் பார்த்தது வாசலில்லாத மைதானம்.

இப்போது இங்கிலாந்துக்கு வருகிறேன். உங்கள் அப்பாவின் காணொளிக்கு வேர் அங்கேதான். அங்கே ஆட்டக் களத்துச் சண்டை ஆட்டத்தைப் போலவே பழையது. ஆனால் 1960களில்தான் அது ஊர் ஊராகப் பரவிய பழக்கமாயிற்று. அதற்கு ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. இளைஞர்கள் கையில் சொந்தச் சம்பளம் வந்தது. வெளியூர் ஆட்டத்துக்கென்று மலிவான சிறப்பு ரயில்கள் ஓடின. அந்த ரயில்களுக்கு ரயில்வே ஒதுக்கியது தேய்ந்துபோன பழைய பெட்டிகளை. எப்படியும் உடைக்கத்தான் போகிறார்கள் என்ற எண்ணம். அப்படி ஒதுக்கப்பட்ட பெட்டியை அவர்களும் உடைத்தார்கள். ரயில் வந்து நின்றதும் குதிரைப்படைக் காவலர்களும் நாய்களும் இரண்டு பக்கமும் வர, கைதிகளைப் போல மைதானத்துக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். தெருமுனைகளில் உள்ளூர்ப் பையன்கள் காத்திருந்தார்கள்.

மைதானத்துக்குள் ஒரு விளையாட்டுக்குள் விளையாட்டு நடந்தது. கோலுக்குப் பின்னால் உள்ளூர் ரசிகர்கள் நின்று பார்க்கும் படிமேடை ஒன்று இருக்கும். அது அவர்களுடைய கோட்டை. வெளியூர்க் கூட்டம் தன் நிறத்தை மறைத்துக்கொண்டு, சில்லறையாகப் பிரிந்து அந்த மேடைக்குள் நுழையும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் எல்லோரும் ஒன்றாகக் குரல் கொடுத்து, அந்த மேடையிலிருந்து உள்ளூர்க்காரர்களை விரட்டப் பார்க்கும். ஆட்டத்தில் யார் ஜெயித்தார்கள் என்பதைவிட, யாருடைய மேடையை யார் பிடித்தார்கள் என்பது மறுநாள் பேச்சாக இருக்கும். தேர் வடத்தை எந்தத் தெரு முதலில் தொடுவது என்று அடித்துக்கொண்ட ஊர்களில் பிறந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளச் சிரமம் இருக்காது.

1974 ஆகஸ்டில் பிளாக்பூல் மைதானத்துக்குள்ளேயே ஒரு பதின்பருவ ரசிகர் குத்திக் கொல்லப்பட்டார். வந்திருந்தது போல்டன் அணி. அதே போட்டிப் பருவத்தில், இரண்டாம் பிரிவுக்கு இறங்கிப் போயிருந்த மான்செஸ்டர் யுனைடெட் அணியின் ரசிகர்கள் சிறிய ஊர்களுக்கெல்லாம் படையெடுத்துப் போய் அமளி செய்தார்கள். அதன் பிறகு மைதானங்களில் வேலிகள் எழும்பின. இரண்டு கூட்டத்துக்கும் தனித்தனி அடைப்பு, தனித்தனி வழி.

வேலி வந்ததும் சண்டை வெளியே போயிற்று. 1970களின் இறுதியிலிருந்து பெரிய அணிகளின் அடிதடிக் கோஷ்டிகள் தனிப் பெயரோடு இயங்கின. லண்டனின் வெஸ்ட் ஹாம் அணிக் கோஷ்டியின் பெயரே ஒரு ரயில் சேவையிலிருந்து வந்தது. போலீஸ் கண்காணிக்கும் சிறப்பு ரயிலை விட்டுவிட்டு, வழக்கமான இன்டர்சிட்டி ரயிலில் சாதாரணப் பயணிகளோடு கலந்து போனார்கள். அடித்துப்போட்டவர்கள் மேல் கோஷ்டியின் பெயர் அச்சிட்ட விசிட்டிங் கார்டைப் போட்டுவிட்டுப் போகும் வழக்கமும் அவர்களுக்கு இருந்தது. அணியின் மஃப்ளரையும் சட்டையையும் கழற்றிவிட்டு, விலை உயர்ந்த இத்தாலிய, பிரெஞ்சு விளையாட்டு உடைகளை அணிந்தார்கள். நல்ல உடை உடுத்தியவனைப் போலீஸ் சந்தேகப்படாது என்று ஒரு கணக்கு. ஆயுதம் வைத்திருந்தால் பிடிபடுவோம் என்று அன்றைய செய்தித்தாளை இறுக்கிச் சுருட்டி, இரண்டாக மடித்துக் குண்டாந்தடியாக்கியவர்களும் உண்டு. லண்டனின் இன்னோர் அணியான மில்வாலின் ரசிகர்களின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் வித்தை அது. நாளிதழ் படிக்கும் பழக்கம் நல்லது என்று என் மாணவர்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். இதை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை.

1985தான் உச்சம். மார்ச் 13ஆம் தேதி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பைக் காலிறுதிக்கு மில்வால் அணி லூட்டனுக்குப் போனது. அந்தச் சின்ன மைதானத்துக்குத் தாங்க முடியாத கூட்டம் கூடவே போயிற்று. பிளாஸ்டிக் நாற்காலிகளைப் பிடுங்கிப் போலீஸ் மேல் வீசினார்கள். உங்கள் அப்பா பார்த்தது ஒருவேளை இதுவாகக்கூட இருக்கலாம். இதற்கு லூட்டன் கண்ட மருந்து கடுமையானது: 1986 தொடங்கி நான்கு பருவங்களுக்கு வெளியூர் ரசிகர் எவருக்கும் அனுமதி இல்லை. அதற்காக ஒரு கோப்பைப் போட்டியிலிருந்தே அந்த அணி நீக்கப்பட்டது. அதே 1985இல் செல்சி அணியின் தலைவர் கென் பேட்ஸ், மைதானத்தைச் சுற்றி மின்வேலி போட்டார். தன் பால் பண்ணையில் மாடுகளுக்குப் போட்ட அதே யோசனை. லண்டன் மாநகர நிர்வாகம் அதில் மின்சாரம் பாய்ச்ச அனுமதிக்கவில்லை. மாட்டை வேலியில் நிறுத்தும் மனநிலையோடு மனிதனைப் பார்த்தால் பிறகு என்ன நடக்கும் என்பதற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

மே 29, பிரஸ்ஸல்ஸ், ஹெய்சல் அரங்கம். ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம், லிவர்பூலும் யுவெண்டஸும். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே இருந்தது கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பிவலை மாதிரியான தடுப்பு. பொதுவானவர்களுக்கு என்று சொல்லி விற்ற பகுதியில் இத்தாலியர்கள் நிறைந்திருந்தார்கள். லிவர்பூல் ரசிகர்கள் அந்தத் தடுப்பைத் தாண்டிப் பாய்ந்தார்கள். பயந்தவர்கள் பின்வாங்கி ஒரு சுவரோடு ஒட்டினார்கள். அரங்கம் பராமரிப்பே இல்லாத பழைய கட்டடம்; சுவர் இடிந்தது. 39 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இத்தாலியர்கள். அத்தனை உடல்கள் கிடந்த பிறகும் ஆட்டத்தை நடத்தினார்கள். பிளாட்டினியின் பெனால்டியில் யுவெண்டஸ் ஜெயித்தது. இங்கிலாந்து அணிகளுக்கு ஐரோப்பியப் போட்டிகளில் ஐந்து ஆண்டு தடை, லிவர்பூலுக்கு ஆறு. லிவர்பூல் ரசிகர்களின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பயந்து பின்வாங்கியவர்களுக்கு வெளியேற நல்ல வழி இருந்திருந்தால் அது ஒரு மோசமான கைகலப்போடு முடிந்திருக்கலாம்.

நான்கே ஆண்டுகளில் அதே லிவர்பூல் ரசிகர்கள் மறுபக்கத்தில் நின்றார்கள். 1989 ஏப்ரல் 15, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானம். நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் அணியோடு எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி, இரண்டு அணிக்கும் பொதுவான ஊரில். வெளியே நெரிசல் முற்றியதால் போலீஸ் ஒரு பெரிய கேட்டைத் திறந்துவிட்டது. உள்ளே வந்தவர்களுக்கு எதிரே தெரிந்தது ஒரே சுரங்கவழி. அது ஏற்கெனவே நிரம்பி வழிந்த நடு அடைப்புகளில் போய் முடிந்தது. பக்கத்து அடைப்புகளில் இடம் இருந்தது. அங்கே போகச் சொல்ல யாரும் நிற்கவில்லை. முன்னால் உயரமான கம்பி வேலி, ரவுடிகளைத் தடுக்கப் போட்ட அதே வேலி. ஆட்டம் தொடங்கி ஆறு நிமிடத்தில் நிறுத்தப்பட்டது. நின்ற நிலையிலேயே நசுங்கிச் செத்தவர்களின் எண்ணிக்கை, நெடுநாள் கழித்து இறந்தவரையும் சேர்த்து, 97.

அன்று அங்கே யாரும் யாரையும் அடிக்கவில்லை. ஆனாலும் குடித்துவிட்டு வந்த ரசிகர்கள்தான் காரணம் என்று போலீஸ் சொன்னது, பத்திரிகை அச்சிட்டது, நாடு நம்பியது. கால்பந்து ரசிகன் என்றாலே ரவுடி என்று முன்பே எழுதிவைத்திருந்ததால் நம்புவது எளிதாக இருந்தது. ரசிகர்கள் மேல் தவறில்லை, இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்று விசாரணை நடுவர்கள் சொன்னது 2016இல். 27 ஆண்டுகள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பள்ளிக்கூட இரும்புக் கேட்டின் துரு வாசனை மூக்கில் ஏறும். கயிற்றை வெட்ட அங்கே ஓர் இளநீர்க்காரர் இல்லை.

அதற்குப் பிறகு இங்கிலாந்து மாறியது உண்மை. ஹில்ஸ்பரோவை விசாரித்த நீதிபதி டெய்லர் பிரபுவின் 1990ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து வேலிகள் இறங்கின. பெரிய மைதானங்களில் ஒவ்வொருவருக்கும் இருக்கை என்றானது. கேமராக்கள் வந்தன. அமளி செய்தவனுக்கு நீதிமன்றம் மைதானத் தடை விதிக்கும். வெளிநாட்டில் ஆட்டம் நடக்கும்போது அவன் பாஸ்போர்ட்டைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ரசிகர் பஸ்களில் மது கூடாது என்ற சட்டம் 1985இலேயே வந்திருந்தது. டிக்கெட் விலையும் ஏறியது. அடிதடிக்காரர்களோடு சேர்ந்து ஏழைத் தொழிலாளியும் வெளியே போனான் என்ற வருத்தம் எனக்கு உண்டு. பிறகு ரசிகர்கள் போராடி, இங்கிலாந்தின் முதல் நிலைப் போட்டியான பிரீமியர் லீகில் வெளியூர் ரசிகனுக்கான டிக்கெட் 30 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று 2016இல் கொண்டுவந்தார்கள். வெளியூர்க்காரர்கள் இல்லாத மைதானம் சப்பென்று இருக்கிறது என்பதை அணிகளே ஒப்புக்கொண்ட மாதிரி அது.

ஆனால் நோய் முற்றிலும் போகவில்லை. 2016இல் பிரான்சில் நடந்த யூரோ கோப்பைப் போட்டியின்போது மார்செய் நகரத் தெருக்களில் ரஷ்யர்களும் ஆங்கிலேயர்களும் மோதினார்கள். அதே மார்செயில் 2023 அக்டோபரில் லியோன் அணியின் பஸ் கல்லெறிபட்டு, பயிற்சியாளர் ஃபாபியோ குரோசோ முகத்தில் ரத்தத்தோடு இறங்கினார், ஆட்டம் தள்ளிப்போனது.

"பேசாமல் வெளியூர் ரசிகர்களையே தடை செய்துவிட்டால்?" என்று கேட்பீர்கள். பல நாடுகள் செய்து பார்த்துவிட்டன. அர்ஜென்டினாவில் 2013 முதல் லீக் ஆட்டங்களுக்கு வெளியூர் ரசிகர்கள் போகத் தடை வந்தது. 2018இல் ரிவர் பிளேட்டும் போக்கா ஜூனியர்ஸும் கோப்பா லிபர்டடோரெஸ் இறுதியில் மோதியபோதும் எதிரணி ரசிகர் ஒருவரும் உள்ளே இல்லை. ஆனாலும் போக்கா வீரர்கள் வந்த பஸ் மைதானத்துக்குப் போகும் வழியிலேயே தாக்கப்பட்டது; கண்ணாடித் தூள் வீரர்களின் கண்ணில் பட்டது. கடைசியில் அந்தத் தென் அமெரிக்கக் கோப்பையின் இரண்டாம் இறுதி ஆட்டத்தைக் கடல் தாண்டி ஸ்பெயினின் மாட்ரிட்டில் நடத்தினார்கள். நெதர்லாந்தில் அயாக்ஸ்–ஃபெயனூர்ட் ஆட்டங்களுக்கு 2009 முதல் வெளியூர் ரசிகர்கள் கிடையாது. 2023 செப்டம்பரில் அயாக்ஸ் சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்கியதும், அதன் சொந்த ரசிகர்களே எரியும் மத்தாப்புகளைக் களத்தில் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். மீதியை ஆளில்லாத அரங்கத்தில் ஆடி முடித்தார்கள். இதே இரண்டு கூட்டமும் 1997இல் பெவர்வெய்க் என்ற ஊரில் நெடுஞ்சாலை ஓர வயலில் பேசிவைத்துக்கொண்டு அடித்துக்கொண்டதில் ஓர் உயிர் போயிற்று. அன்று அந்த இரண்டு அணிகளும் ஒன்றோடொன்று ஆடவே இல்லை.

எல்லாவற்றையும்விட இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் அரங்கில் நடந்தது என்னை உலுக்கியது. 2022 அக்டோபர் 1. அரேமா அணி தன் மைதானத்தில் பெர்சபாயாவிடம் 2–3 என்று தோற்றது. கலவரம் வரும் என்று வெளியூர் ரசிகர்களுக்கு முன்கூட்டியே தடை. தோற்ற கோபத்தில் உள்ளூர் ரசிகர்கள் சிலர் களத்தில் இறங்கினார்கள். போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளைக் களத்தில் மட்டுமல்ல, அமைதியாக உட்கார்ந்திருந்தவர்களின் கேலரியிலும் போட்டது. குழந்தைகளோடு வந்தவர்கள் வெளிவழிகளுக்கு ஓடினார்கள். சில கதவுகள் முழுதாகத் திறக்கப்படவில்லை. 135 பேர் இறந்தார்கள். எதிரணி ரசிகர் ஒருவர்கூட இல்லாத மைதானத்தில்.

எகிப்தின் போர்ட் சயீதில் நடந்தது வேறு வகை. அங்கே உண்மையிலேயே வெளியூர் ரசிகர்களைக் குறிவைத்தார்கள். 2012 பிப்ரவரி 1, அல் மஸ்ரி அணி ஜெயித்த பிறகும் அதன் கூட்டம் அல் அஹ்லி ரசிகர்கள் மேல் பாய்ந்தது. போலீஸ் பார்த்துக்கொண்டு நின்றது. 74 பேர் இறந்தார்கள். அவர்களிலும் பலர் பூட்டிய வெளிவாசலில் நெரிந்தவர்கள்.

நம் நாட்டுக்கு வருவோம். 1980 ஆகஸ்ட் 16, கல்கத்தா ஈடன் கார்டன்ஸ். மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால். களத்தில் ஒரு முரட்டு ஆட்டம், சிவப்பு அட்டை, அதிலிருந்து கேலரியில் கைகலப்பு, ஓட்டம், நெரிசல். 16 ரசிகர்கள் இறந்தார்கள். அங்கே இந்தப் பகை பூர்வீகப் பகை. மேற்கு வங்கத்துக்காரர்கள் மோகன் பகான், பிரிவினையில் கிழக்கிலிருந்து வந்தவர்கள் ஈஸ்ட் பெங்கால். மோகன் பகான் ஜெயித்தால் இறால், ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் ஹில்சா மீன் விலை ஏறும் என்பார்கள். இறந்தவர்கள் நினைவாக ஆண்டுதோறும் அந்த நாளில் ரத்த தானம் நடக்கிறது. இன்னொன்றும் நடந்தது. 2024 ஆகஸ்டில், மருத்துவக் கல்லூரியில் ஒரு பெண் மருத்துவர் கொல்லப்பட்டதற்கு நீதி கேட்டு நகரமே கொதித்துக்கொண்டிருந்த நேரம், பாதுகாப்புக் காரணம் சொல்லி இந்த இரண்டு அணிகளும் மோதவிருந்த டுராண்ட் கோப்பை ஆட்டத்தை ரத்து செய்தார்கள். ஆட்டம் நடக்க வேண்டிய மைதானத்தின் வெளியே இரண்டு அணி ரசிகர்களும் ஒன்றாகக் கூடி நின்று கோஷம் போட்டார்கள். தடியடியும் சேர்ந்தே வாங்கினார்கள்.

இப்போது உங்கள் ஐ.எஸ்.எல்., அதாவது இந்தியன் சூப்பர் லீக். 2014இல் தொடங்கிய போட்டி. பூர்வீகப் பகைக்கு வயது போதாது. சென்னை, கொச்சி, பெங்களூரு ரசிகர்களுக்குள் இருப்பது பெரும்பாலும் கேலி, கோஷம், செல்போனில் வார்த்தைச் சண்டை. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில், எதிரணி தயாராகும் முன்பே பெங்களூரு அணியின் சுனில் சேத்ரி ஃப்ரீ கிக்கை அடித்து கோலாக்க, கேரளா பிளாஸ்டர்ஸ் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறியது. நான்கு கோடி ரூபாய் அபராதம். நடுவராக இருந்தவன் என்று சொன்னேனே, அந்த ஃப்ரீ கிக் பற்றி என் கருத்தை இங்கே எழுதினால் இந்தப் பதில் நீண்டுவிடும். நான் சொல்ல வந்தது, அன்று மஞ்சள் சட்டை போட்ட கேரள ரசிகர்களும் அந்த அரங்கில் இருந்தார்கள். அவ்வளவு கொதிப்பிலும் ஐரோப்பியக் கதை எதுவும் அங்கே நடக்கவில்லை.

ஏன் இளைஞர்கள் வெளியூருக்குப் போனால் மட்டும் வேறு ஆளாகிறார்கள் என்பதற்கு நீங்கள் ஐரோப்பா வரை போக வேண்டாம். தை மாதம் நம் பக்கத்தில் நடக்கும் எருது விடும் விழாவுக்குப் போங்கள். மினி லாரியில் காளையோடு வெளியூர்ப் பையன்கள் வந்து இறங்குவார்கள்; ஒரே நிற பனியன், காளையின் பெயர் அச்சிட்டது. காளை குறித்த தூரத்தை எத்தனை விநாடியில் கடந்தது என்பதுதான் போட்டி. ஆனால் பையன்களின் முறைப்பு வேறு ஏதோ போட்டிக்கானது. விழா நடத்தும் ஊர் பெரியவர்கள் நல்லவர்களாக இருந்தால், வெளியூர் லாரியை முதலில் நிறுத்த நிழல் காட்டி, காளைக்குத் தண்ணீர் வைத்து, பையன்களுக்கு மோர் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு முறைப்பதற்கு அந்தப் பையன்களுக்கே கூச்சமாக இருக்கும். இங்கும் ஆள் சாவது அடிதடியில் அல்ல. தடுப்புக் கட்டையைத் தாண்டி ஓடுபாதையில் நிற்பதால்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் சென்னை நேரு விளையாட்டரங்கில் பிளாஸ்டர்ஸ் ஆட்டம் பார்த்துவிட்டு, சென்ட்ரலுக்கு நடந்து, பெங்களூரு மெயிலில் பொதுப் பெட்டியில் ஏறினேன். அரை டஜன் மஞ்சள் சட்டைகள் முன்பே உட்கார்ந்திருந்தன. காட்பாடியில் படிக்கும் மலையாளப் பையன்கள். பின்னாலேயே நாலைந்து நீலச் சட்டைகள் ஏறின, வேலூர்ப் பையன்கள். அரக்கோணம் வரை ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு ஒரு மஞ்சள் சட்டைக்காரன் நேந்திரம் சிப்ஸ் பொட்டலத்தைப் பிரித்தான். பிரித்த சத்தத்துக்கு எல்லாரும் திரும்பினார்கள். காட்பாடியில் இறங்கும்போது நடுராத்திரி தாண்டிவிட்டது. இரண்டு நிறமும் ஒரே ஷேர் ஆட்டோவுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தன. எனக்கு இடம் கொடுக்கவில்லை.

கொச்சிக்குப் போவதற்கு: அட்டவணை வந்ததும் மைதானத்தை உறுதி செய்துகொள்ளுங்கள். கலூர் மைதானம் என்றால், இரவு காட்பாடியில் திருவனந்தபுரம் மெயிலில் ஏறினால் காலையில் எர்ணாகுளம் டவுன். அங்கிருந்து மெட்ரோவிலேயே மைதானம் போய்விடலாம். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். வெளியூர் ரசிகர்களுக்கென்று ஒதுக்கிய பகுதியிலேயே டிக்கெட் எடுங்கள். சென்னையின் ரசிகர் மன்றத்தோடு சேர்ந்து போனால் இன்னும் நல்லது. விலை குறைவு என்று மஞ்சள் கடலுக்கு நடுவே ஆறு நீலச் சட்டையாகப் போய் உட்கார்வது வீரமில்லை, பக்கத்தில் இருப்பவனுக்கும் தொந்தரவு. தெருவில் நடக்கும்போது மேலே ஒரு சட்டை போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே போய்க் கழற்றிக்கொள்ளலாம். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளும் செல்போனில் யாரையும் சீண்ட வேண்டாம். நேரில் வாய் திறக்காதவனும் அங்கே லாரிப் பையனாகிவிடுவான். ஜெயித்தால் கொண்டாட்டத்தை உங்கள் கேலரியோடு முடித்துக்கொள்ளுங்கள். அன்றிரவே திரும்ப வேண்டும் என்று ஓடாமல், எர்ணாகுளத்தில் தங்கிக் காலையில் ரயில் பிடியுங்கள்.

உள்ளே போய் உட்கார்ந்ததும் கொடியை விரிப்பதற்கு முன், வெளியே போகும் வழிகள் எந்தெந்தப் பக்கம், அவை திறந்திருக்கின்றனவா என்று ஒருமுறை எழுந்து பார்த்துவிடுங்கள். நான் இன்றும் எங்கே போனாலும் அதைத்தான் முதலில் பார்க்கிறேன். கல்யாண மண்டபத்தில்கூட. பந்திக்கு வழி பார்க்கிறேன் என்று என் மனைவி கேலி செய்கிறாள்.